கோழிப் புத்தகத்தோடு சென்னையில் ஒன்பது நாட்கள்

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, பிஸ்கட் டின்களை விட்டுவிட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டார். உயிர்க்கோழி இல்லை. ஈப்போவில் எங்கள் பாலர் பள்ளி ஆசிரியைகள் நாலு பேர் சேர்ந்து வரைந்து, தடித்த அட்டை போட்டுத் தைத்த படப்புத்தகம். சந்தையில் கூடையிலிருந்து தப்பிய ஒரு கோழி பன்னிரண்டு பக்கம் ஓடுகிறது. அவ்வளவுதான் கதை.

"என்னம்மா இது, ஒரு எழுத்துகூட இல்லையே?" என்றார்.

"எழுத்துத் தெரியாதவங்களுக்கான புத்தகம் சார்."

"அப்ப எதைப் படிக்கிறது?"

"கோழியைத்தான்."

என்னை முறைத்தார். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. எனக்குப் பின்னால் பத்துப் பேர் முணுமுணுக்க, கோழி கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் சாக்பீஸ் குறி போட்டார். இருபத்திரண்டு வருடமாக நாலு வயதுக் குழந்தைகளோடு காலம் தள்ளுகிறேன். ஒருவரைப் பார்த்ததுமே உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும் என்பது என் நினைப்பு. அந்த நினைப்பில் மண் விழப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

நான் வந்த வேலை சின்னது. எங்கள் பள்ளிக்குத் தமிழில் படப்புத்தகங்கள் வாங்க வேண்டும். மலேசியாவில் சீனப் பிள்ளைகளுக்கும் மலாய்ப் பிள்ளைகளுக்கும் கடை கடையாகப் படப்புத்தகம் இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. சென்னைக்குப் போனால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் என்று தலைமையாசிரியை சொல்ல, நானும் நம்பிக் கிளம்பினேன். தங்குவதற்குத் தியாகராய நகரில் சித்தப்பா மகள் மல்லிகா வீடு. சித்தப்பா அறுபதுகளிலேயே மலாயாவை விட்டுத் திருநெல்வேலிப் பக்கம் திரும்பிவிட்டவர். மல்லிகாவைக் கல்யாணப் போட்டோவில் பார்த்ததோடு சரி. அவள் கணவர் செல்வராஜுக்கு ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை.

புதன்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஏப்ரல் கடைசி. எங்கள் ஊரிலும் வெயில் அடிக்கும், ஆனால் நாலு மணிக்கு ஒரு மழை வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். இங்கே வெயிலுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. மல்லிகா மீன் குழம்பும் அவியலும் வைத்திருந்தாள். இலையில் சோறு விழ விழ நானும் விடவில்லை. கருப்பட்டி போட்ட காப்பி வந்தது. ஈப்போவின் காப்பியைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடிப்பவள் நான். ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சாப்பாட்டு நேரம் முழுக்க ஹரிணி வாய் ஓயவில்லை. மல்லிகாவின் ஒரே மகள், நாலு வயது நிறையவில்லை. ஏரோப்ளேனில் பாத்ரூம் உண்டா, மலேசியாவில் காக்கா உண்டா, என் மூக்குத்தி ஏன் இடது பக்கம். பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. நல்ல வாயாடி என்று சிரித்தேன். சிரிக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள் மல்லிகா. பின்னாலேயே போனேன்.

"என்ன மல்லி?"

"இப்படித்தான்க்கா பேசுதா. பள்ளிக்கூடத்துல புஸ்தகத்தைக் காட்டிக் கேட்டா மட்டும் வாயே திறக்கமாட்டேங்கா."

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினாள். அடையாறில் ஒரு நல்ல பள்ளிக்கூடம். எல்.கே.ஜி.யில் சேர்க்க இன்டர்வியூ. ஆமாம், மூன்றரை வயதுக்கு இன்டர்வியூ! எங்கள் ஊரில் குழந்தையைக் கொண்டுவந்து விட்டால், அழுகிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்போம். இங்கே தலைமையாசிரியை ஒரு படப்புத்தகத்தைத் திறந்து வைத்து, இது என்ன, இது என்ன நிறம், நாய் என்ன செய்கிறது என்று கேட்பாராம். அதற்கென்றே மயிலாப்பூரில் ஒரு டியூஷன் மிஸ்ஸிடம் ஆறு மாதம் பயிற்சி. ஹரிணிக்கு எல்லாம் அத்துப்படி. போன வாரம் இன்டர்வியூவில் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடம் கால் மணி நேரம் அன்பாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, 'குழந்தை எதற்கும் பதில் சொல்லவில்லை' என்று விண்ணப்பப் பாரத்தில் எழுதினார். காதைச் சோதித்துவிட்டு அடுத்த வியாழன் வரச் சொன்னார். அன்றும் பேசாவிட்டால், இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்று தனிப் பள்ளி இருக்கிறது, விலாசம் தருகிறேன் என்றாராம்.

"காது நல்லாத்தான் கேக்காம். டாக்டர் சொல்லிட்டாரு. அப்பம் எங்க கோளாறு? மூளையிலயாக்கா?"

பள்ளிக்கூடம் கிடைக்காதது அவளுக்குக் கவலை இல்லை. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு வாரமாகத் தூங்காமல் கிடக்கிறாள். "நான் எதுக்கு இருக்கேன்? எட்டு நாள் இருக்குல்ல? பார்த்துச் சொல்றேன்" என்று மார்தட்டினேன்.

மறுநாள் காலை கோழிப் புத்தகத்தை எடுத்தேன். எங்கள் பள்ளியில் குழந்தைகளுக்குப் பரீட்சை கிடையாது. படப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை செய்வதை ஒரு நோட்டில் எழுதுவோம். கண் எங்கே போகிறது, விரல் எதைத் தொடுகிறது, எந்தப் பக்கத்துக்குத் திரும்புகிறது. ஒரே ஒரு விதி: நடந்ததை மட்டும் எழுது, நீ நினைப்பதை எழுதாதே. நாம் சொன்னது, செய்தது எதையும் விடாமல் எழுத வேண்டும். புதிதாக வரும் ஆசிரியைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்திருக்கிறது.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஹரிணி புத்தகத்தைத் திறந்தாள். வாய் பொட்டென்று மூடிக்கொண்டது. ஆனால் கண்! முதல் பக்கத்தில் கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கோழியின் வாலை அவள் கண்டுபிடித்த வேகத்துக்கு எங்கள் பள்ளியில் நாலைந்து பேர்தான் தேறுவார்கள். ஐந்தாம் பக்கத்தில் மீன்காரியும் ஒரு பூனையும்தான், கோழியே இருக்காது, அதன் ரெண்டு இறகு மட்டும் பறக்கும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தாளைத் தூக்கிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். எனக்கு அவளை அள்ளிக் கொஞ்ச வேண்டும் போல் இருந்தது.

"கோழி எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தாள். விருட்டென்று எழுந்தாள். சரி, போரடித்து ஓடப் பார்க்கிறாள் என்று கையைப் பிடித்து, "உட்காரு கண்ணு, இன்னும் இருக்கு" என்றேன். உட்கார்ந்தாள். பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினேன். பாண்டி பஜாரில் ஒரு கடைக்காரர் அ, ஆ அட்டைகளாக எடுத்துப் போட்டார். அம்மா, ஆடு, இலை, ஈ. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "கதை சொல்ற மாதிரி படம் வேணுங்க" என்றேன். "கதைன்னா எழுத்து இருக்கணுமே? வெறும் படத்தைக் காசு குடுத்து யாரும்மா வாங்குவாங்க?" என்றார். பக்கத்தில் குழந்தைக்கு வாய்ப்பாடு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "எங்க வீட்ல படம் மட்டும் பார்த்தா அடிதான் விழும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலில் திரும்பி வந்து மல்லிகாவின் மேல்தான் எரிந்து விழுந்தேன், பாவம்.

மாலையில் மறுபடியும் கோழி. பிள்ளை பக்கம் பக்கமாகப் பார்த்தாள், கேள்வி கேட்டால் மௌனம். சனிக்கிழமையும் அப்படியே. தெருவில் தண்ணி லாரி வந்துவிட்டது என்று யாரோ கூவ, மல்லிகா பிளாஸ்டிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் ரெண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் ஒரு அம்மாள், "இன்னாக்கா, புச்சா கீறீங்க? குடத்தை முன்னால வையுங்க, இல்லாங்காட்டி வுட்டுட்டுப் பூடுவான்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். ஈப்போவில் குழாயைத் திறந்துவிட்டு மறந்து போகிறவள் நான். அன்று ஒரே ஒரு சொம்புத் தண்ணீரில் குளித்தேன்.

ஞாயிறு இரவு சாப்பிடும்போது செல்வராஜ் மெதுவாகக் கேட்டார். "மைனி, நீங்க பார்த்த வரைக்கும் பிள்ளைக்கு எப்படி?"

புத்திசாலிப் பிள்ளை என்று தெரியும். நோட்டில் அதற்குச் சாட்சி ஏராளம். ஆனால் நாலு நாளில் படத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லையே! எனக்கே உள்ளுக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

திங்கள் காலை ஹரிணியோடு மயிலாப்பூர் டியூஷனுக்குப் போனேன். கோயில் குளத்துக்குப் பின்புறம் ஒரு சந்து, மாடி வீடு, ஜமுக்காளத்தில் பத்துக் குழந்தைகள். ஜானகி மிஸ்ஸுக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டை குட்டையாக, குரலில் மட்டும் ஆறடி உயரம்.

"வாங்கோ வாங்கோ, மலேசியாவுலேர்ந்தா? ஹரிணியா வாயத் தெறக்கலை? எங்காத்துல வந்து பாருங்கோ!" என்றவர், ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டி, "ஹரிணி!" என்றார்.

ஹரிணி துள்ளி எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். அது பசு, நிறம் வெள்ளை, புல் தின்கிறது, பால் கொடுக்கும் என்று பொரிந்து தள்ளினாள். எனக்கு வாய் பிளந்துவிட்டது. அடுத்து ஒரு சின்னப் பையன், அவனும் எழுந்து, கையைக் கட்டி, கடகடவென்று. ஒவ்வொருவரும் அப்படியே.

"பார்த்தேளா? அந்த ஸ்கூல்ல பயமுறுத்திட்டா போலருக்கு" என்றார் மிஸ். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். புது முகம், பயம், வேறென்ன? வரும் வழியில் ஒரு மெஸ்ஸில் ரவா தோசை சாப்பிட்டோம். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, நடுவில் முந்திரி. முந்திரியை ஹரிணியிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை நான் முடித்தேன். குழப்பத்திலும் எனக்குப் பசி குறைவதில்லை.

செவ்வாய்க்கிழமை நான் செய்த முட்டாள்தனத்துக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

லஸ் முனையில் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது, அங்கே பாருங்கள் என்று செல்வராஜ் சொன்னார். பனகல் பார்க்கில் 12பி ஏறச் சொன்னார். ஏறினேன். எந்தப் பக்கம் நின்று ஏற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. சென்னை பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து வருவதில்லை. தன் ஸீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நாம் காசைப் பக்கத்து ஆளிடம் கொடுக்க, அது கை மாறிக் கை மாறி அவரிடம் போய், டிக்கெட்டாகத் திரும்பி வருகிறது. முன்பின் தெரியாத எட்டுப் பேர் என் சில்லறையைப் பத்திரமாகக் கடத்துவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை டிக்கெட்டுக்குப் பதில் குரல் வந்தது.

"லஸ் யாரும்மா? இது வடபழனி போய்க்கினுகீது!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இறக்கி விட்டுடுங்க" என்று கெஞ்சினேன்.

"இந்த வெயில்ல எறங்கி இன்னா பண்ணப்போறீங்க? டிப்போ வரைக்கும் வாங்க. இதே வண்டி திரும்பப் போவும், குந்திக்கினே போயிடலாம்."

நல்ல மனிதர். வடபழனி டிப்போவில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போனார்கள். காலி பஸ்ஸில் நான் ஒருத்தி. ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்யாணக் கூட்டம் மாலையும் கழுத்துமாகக் கோயிலிலிருந்து வந்து, வேனில் யார் முன்னால் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதையும் பார்த்து முடித்த பிறகு, வேறு வேலை இல்லாமல், பையிலிருந்த நோட்டை எடுத்தேன். எழுதுவதோடு சரி, சென்னை வந்ததிலிருந்து அதைத் திருப்பிப் படிக்கவே இல்லை.

வியாழன்: 'கோழி எங்கே என்று கேட்டேன். எழுந்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். பேசவில்லை.'

வெள்ளி: 'பூனை என்ன செய்கிறது என்று கேட்டேன். எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பேசவில்லை.'

சனி: 'கேட்டேன். எழுந்தாள். மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். பேசவில்லை.'

ஞாயிறு: 'கேட்டேன். பாதி எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தானே உட்கார்ந்துவிட்டாள். பேசவில்லை.'

அடிப் பாவி! டியூஷனில் அவ்வளவு குழந்தைகளும் எழுந்து நின்றல்லவா பதில் சொன்னார்கள்! கேள்வி கேட்டால் எழு, கையைக் கட்டு, சொல். ஆறு மாதம் அதுதான் பாடம். அந்தப் பிள்ளை நாலு நாளும் எனக்குப் பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும், கண்ணே மணியே என்று கொஞ்சி, நானே பிடித்து உட்கார வைத்து அதன் வாயை அடைத்திருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கவில்லை, நாலு நாள் குப்புற விழுந்து கிடந்திருக்கிறேன். அந்த மேடமும் அன்பான மனுஷி என்றுதானே மல்லிகா சொன்னாள்? அவரும் இதைத்தான் செய்திருப்பார்!

லஸ்ஸாவது, புத்தகக் கடையாவது! டீ குடித்து வந்த கண்டக்டரிடம், "பனகல் பார்க்கிலேயே இறங்கிக்கிறேன்" என்றேன்.

"அங்கதானேம்மா ஏறினீங்க?" என்றவர், நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறைதான். "சரி வுடுங்க, ஊரு சுத்திப் பாத்தா மாதிரி ஆச்சு."

வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹரிணியைக் கூப்பிட்டு, ஐந்தாம் பக்கத்தைத் திறந்து, "கோழி எங்கே போச்சு?" என்றேன். எழவில்லை அவள். பழக்கிவிட்டேனே, பாவி! "எழுந்து நின்னு சொல்லுடா ராஜாத்தி" என்றேன்.

எழுந்தாள். கையைக் கட்டினாள். "கோழி மீன் கடைக்காரங்க பாவாடைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அந்தப் பூனைக்குத் தெரியும், ஆனா அது சொல்லாது. ஏன்னா அதுக்கு மீன் வேணும்."

பூனையின் கண் மீன்காரியின் பாவாடைப் பக்கம் இருப்பதை வரைந்தது நான்தான். எங்கள் பள்ளியில் ஒரு குழந்தைகூட அதைக் கண்டுபிடித்ததில்லை. கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. மல்லிகா அடுப்பைவிட்டு ஓடிவந்து கரண்டியோடு நின்றாள்.

"ஏன்டி செல்லம், அன்னைக்கே பெரியம்மாகிட்டச் சொல்லலை?" என்றேன்.

"நீங்கதான் உக்காரு உக்காருன்னீங்க. உக்காந்துகிட்டு சொன்னா மரியாதை இல்ல."

"வீட்டுல கேட்டா நல்லாத்தானே சொல்லுவா" என்று ஆரம்பித்த மல்லிகா, பாதியில் நிறுத்தினாள். அவள் சமைத்துக்கொண்டே கேட்பாள், பிள்ளை அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொல்லும். நிற்பதை யார் கவனித்தார்கள்? அப்படியே தரையில் உட்கார்ந்து, "என் பிள்ளைக்கு ஒண்ணுமில்லையா? ஒண்ணுமே இல்லையாக்கா?" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்று நானும் அழுதேன். ஹரிணி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

புதன்கிழமை மல்லிகாவுக்குப் புதுக் கவலை. ஒரே நாளில் உட்கார்ந்து சொல்லப் பழக்க வேண்டுமாம். முயன்றும் பார்த்தாள். உட்கார வைத்துக் கேட்டால் பிள்ளை மறுபடி மறுபடி எழுந்து நிற்கிறது. ஆறு மாதப் பழக்கம் ஆறு மணி நேரத்தில் போகுமா? நான் தடுத்துவிட்டேன். "பிள்ளையை மாத்தாதே. நாளைக்கு அந்த மேடத்துக்கிட்ட உள்ளதைச் சொல்லு."

"நீங்க சொல்லுங்கக்கா. எனக்கு இங்கிலீஷ் வராது."

"சரி, நான் சொல்றேன்" என்றேன், வழக்கமான தைரியத்தில்.

வியாழன் பத்து மணிக்கு அடையாறு. மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம், காக்காய்ச் சத்தம், வராந்தா நிறைய இஸ்திரி போட்ட குழந்தைகள். செல்வராஜ் கடையிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார், கல்யாணத்துக்குப் போட்ட பூட்ஸோடு. எங்கள் முறை வந்ததும் நானும் எழுந்தேன். வாசலில் இருந்த ஆயா கையை நீட்டி மறித்தார்.

"அப்பா அம்மா மட்டுந்தான். நீங்க இப்பிடிக் குந்துங்க."

மேடத்தின் சட்டமாம். நான் டீச்சர் என்றேன், மலேசியா என்றேன், ஒரு நிமிடம் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எழுந்து நிக்க விடச் சொல்லு. அது போதும்" என்று நோட்டை அவள் கையில் திணித்தேன். கதவு மூடியது.

பக்கத்தில் மரச்சட்டம் போட்ட ஜன்னல். நான் நல்ல பெண்மணி இல்லை, போய்க் காதை வைத்துக்கொண்டேன். மேடம் ஆங்கிலத்தில் பேசினார், தமிழில் தருகிறேன். "வாம்மா, பயப்படாதே. இது என்ன?" நாற்காலி கிறீச்சிட்டது, எழுந்துவிட்டாள். "உட்கார் கண்ணா, உட்கார்" என்றது அந்த அன்புக் குரல். போச்சு! செல்வராஜிடமிருந்து ஒரு இருமல். அவ்வளவுதான் அவர் பங்கு. பேசுடி மல்லி, பேசு!

"மேடம்." மல்லிகாவின் குரல். ஆங்கிலத்தில் ரெண்டு வார்த்தை தேடினாள், கிடைக்கவில்லை. அப்புறம் ஆங்கிலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். "மேடம், அவள உக்காரச் சொல்லாதீங்க. எழுந்து நின்னுதான் அவளுக்குச் சொல்லத் தெரியும். டியூஷன்ல அப்படிப் பழக்கிட்டாங்க. உங்களுக்குப் பதில் சொல்லத்தான் மேடம் எழுந்திரிக்கா. போன தடவையும் அதுக்குத்தான் எழுந்திரிச்சா. எம்பிள்ளைக்கு ஒரு கோளாறும் இல்ல!"

பிறகு மேடம் தமிழில் கேட்டார். "சரி. எழுந்திரும்மா. இது என்ன?"

அப்புறம் ஹரிணியின் குரல்தான். நாய், பழுப்பு நிறம், தூங்குகிறது, தூங்கவில்லை சும்மா நடிக்கிறது, ஏனென்றால் ஒரு கண் திறந்திருக்கிறது. வராந்தாவே கேட்டது. ஆயா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார்.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. கையில் என் நோட்டோடு மேடமே வெளியே வந்தார். நரைத்த தலை, பருத்திச் சேலை, களைத்த முகம். "நீங்கள்தான் இதை எழுதினீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம். நாலு நாளும் நானும் அவளை உட்காரத்தான் வைத்தேன், மேடம்."

"நான் பத்து வருடமாக உட்கார வைக்கிறேன்" என்றார்.

ஹரிணியின் பாரத்தில் போன தடவை எழுதியதை அடித்து, 'சேர்த்துக்கொள்ளலாம்' என்று எழுதி மல்லிகாவிடம் கொடுத்தார். பிறகு ஆயாவைக் கூப்பிட்டு, இந்த வருடம் பதில் சொல்லவில்லை என்று ஒதுக்கி வைத்த பாரங்கள் அத்தனையையும் ஆபீஸிலிருந்து எடுத்து வரச் சொன்னார். ஆயா ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்த கட்டைப் பார்த்ததும், பெஞ்சிலிருந்த என் பையை எடுத்து இடம் விட்டேன். மேடம் அந்த வராந்தாவிலேயே, பெற்றவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்து முதல் பாரத்தைப் பிரித்தார்.

செல்வராஜ் ஸ்கூட்டரில் கடைக்குப் போனார். போகும்போது எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். நாங்கள் மூவரும் ஆட்டோவில் ஏறினோம். அடையாறு பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. வந்த ஒன்பது நாளில் அன்றுதான் சென்னையில் காற்று உண்டு என்று தெரிந்துகொண்டேன். மல்லிகா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு வந்தாள். அவளுடைய ரெண்டு வாரத் தூக்கம் அங்கேயே வந்துவிடும் போலிருந்தது.

திடீரென்று ஹரிணி எங்கள் நடுவிலிருந்து நழுவி, டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "இன்னா பாப்பா, குந்து குந்து! பிரேக் போட்டா வுழுந்துடுவே!"

"நிக்கட்டும்ங்க!" என்று நானும் மல்லிகாவும் ஒரே நேரத்தில் கத்தினோம். அந்த மனிதர் மிரண்டுபோய் வண்டியை ஓரமாக நிறுத்தியே விட்டார். மல்லிகா மகளின் இடுப்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுடா. நின்னுக்கிட்டே சொல்லு."

ஹரிணி கம்பியை விட்டாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"அந்த மேடம் ரூம்ல ஒரு மாடு படம் மாட்டியிருக்குல்ல? அதுக்கு வாலே போடலம்மா. அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். யாருமே கேக்கல."